அவீச்சியின் ‘ட்ரூ’ இசைத்தொகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ட்ரூ’ என்பது யாருடைய இசைத்தொகுப்பு?

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 1989 செப்டம்பர் 8 அன்று பிறந்த மின்னணு நடன இசைக் கலைஞர் டிம் பெர்க்லிங், ‘அவீச்சி’ என்னும் மேடைப் பெயரில் வெளியிட்ட முதல் ஸ்டுடியோ ஆல்பம் இது. 2013 செப்டம்பரில், அவருக்கு 24 வயது நிறைந்த சில நாட்களில் வெளிவந்தது. இதன் மூல வடிவில் 10 தடங்கள் உள்ளன. அவற்றுள் எதிலும் முதன்மைக் குரல் அவருடையதன்று. அலோ பிளாக், டான் டிமின்ஸ்கி, ஆட்ரா மே, ஆடம் லாம்பர்ட், டென்மார்க்கைச் சேர்ந்த மூ, ஸ்வீடனைச் சேர்ந்த சாலெம் அல் ஃபகீர், லின்னேயா ஹென்ரிக்சன் எனப் பலர் வந்து பாடியிருக்கிறார்கள். ஆயினும் தொகுப்பு முழுவதும் ஒரே மனிதரின் செவியில் பிறந்தது என்பதைக் கேட்பவர் எவரும் உணர்வர். இது எப்படிக் கூடிவந்தது என்பதே இங்குள்ள பெரும்பாலான கேள்விகளின் உட்பொருள்.

‘அவீச்சி’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

பௌத்த நூல்கள் கூறும் நரகங்களுள் மிகக் கீழே உள்ளது அவீசி. அந்தப் பெயரைத்தான் பெர்க்லிங் எடுத்துக்கொண்டார். மைஸ்பேஸ் தளத்தில் கணக்குத் தொடங்கியபோது அந்த எழுத்துக்கூட்டலை வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்ததால், ஆங்கில எழுத்துகளில் இறுதியில் ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். கொண்டாட்டத்துக்கான இசையைத் தந்தவருக்கு இந்தப் பெயர் வாய்த்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் அவருடைய மெட்டுகளில் மகிழ்ச்சிக்கு அடியில் ஒரு துயரம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு அது முரணாகத் தோன்றாது.

இவரை ‘தயாரிப்பாளர்’ என்கிறார்களே, பணம் போடுபவர் என்று பொருளா?

இல்லை. திரைப்படத் துறையில் தயாரிப்பாளர் என்பவர் முதலீடு செய்பவர். மின்னணு நடன இசையில் அந்தச் சொல்லின் பொருள் வேறு. மெட்டு அமைப்பது, கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசையைத் தேர்வது, தாளத்தை அடுக்குவது, மின்னணு இசைக்கருவியான சிந்தசைசரின் ஒலிகளைச் செதுக்குவது, பதிவான குரலை வெட்டி ஒட்டிப் பொருத்துவது, இறுதியில் எல்லாவற்றையும் அளவாகக் கலப்பது ஆகிய அனைத்தையும் செய்பவரே அங்கு தயாரிப்பாளர். நம் வழக்கில் இசையமைப்பாளர், இசைக்கோர்ப்பாளர், ஒலிப்பொறியாளர் என மூவர் செய்யும் வேலையை ஒருவரே கணினி முன் அமர்ந்து செய்கிறார் என்று கொள்ளலாம். அவீச்சி இந்த வேலைக்கு ‘எஃப்எல் ஸ்டுடியோ’ என்னும் மென்பொருளைப் பயன்படுத்தினார். அதில் சுரங்களைத் திரையில் சிறு கட்டங்களாக வரைந்தே மெட்டை உருவாக்க முடியும். கருவி இசையில் முறையான பயிற்சி பெறாத ஒருவர் மனத்தில் கேட்கும் மெட்டை நேரடியாக வரைந்துவிட முடிந்தது என்பதுதான் அவருடைய பாதையைத் திறந்துவிட்டது.

டிஜேக்கள் பாடகர்களை அழைத்துப் பாடவைப்பது புதிதல்லவே. ‘ட்ரூ’வை மட்டும் கூட்டு முயற்சி என்று ஏன் தனித்துச் சொல்ல வேண்டும்?

வேறுபாடு வேலை நடந்த வரிசையில் இருக்கிறது. அந்நாளில் நடன இசையில் பெரும்பாலும் பின்பற்றப்பட்ட முறை இது: தயாரிப்பாளர் தாளமும் இசையும் கொண்ட தடத்தை முதலில் முடித்துவிடுவார். அந்தக் கோப்பு மின்னஞ்சலில் ஒரு பாடலாசிரியருக்கோ பாடகருக்கோ போகும். அவர் அதன்மேல் சில வரிகளைப் பாடி அனுப்புவார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே பாடல் வெளிவந்துவிடும். குரல் அங்கே ஓர் அலங்காரம். அவீச்சியின் சொந்த வெற்றியே அதற்கு அருகில் நிற்கிறது: 2011-இல் அவரை உலகறியச் செய்த ‘லெவல்ஸ்’ பாடலில் ஒலிக்கும் குரல், எட்டா ஜேம்ஸ் 1962-இல் வெளியிட்ட பாடல் ஒன்றிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட ஒலித்துணுக்கு, அதாவது ‘சாம்பிள்’.

‘ட்ரூ’வின் முதன்மையான பாடல்களில் இந்த வரிசை தலைகீழானது. கித்தாரோடும் வெறும் குரலோடும் பாடலை முதலில் எழுதினார்கள். தாளமும் மின்னணு ஒலிகளும் பிறகு வந்தன. மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நம்மிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. இங்கே நடந்தது இரண்டுமல்ல. பாட்டும் மெட்டும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், கருவி வாசிப்பவரும் பாடுபவரும் தயாரிப்பாளரும் சேர்ந்திருக்கும்போது பிறந்தன. இந்த ஒரு மாற்றமே தொகுப்பின் உயிர் என்பது என் உறுதியான கருத்து. மின்னணு ஒலிகளை முற்றிலும் உரித்துவிட்டாலும் நிற்கக்கூடிய பாடல்களாக இவை இருப்பதற்குக் காரணம் அதுவே.

‘வேக் மீ அப்’ எப்படி உருவானது?

மூவர் எழுதிய பாடல் அது: பெர்க்லிங், ‘இன்குபஸ்’ என்னும் அமெரிக்க ராக் குழுவின் கித்தார் கலைஞர் மைக் ஐன்சிகர், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சோல் (கறுப்பின அமெரிக்கரிடையே பிறந்த உணர்ச்சிமிகு பாடல் வகை) பாடகர் அலோ பிளாக். மின்னணு நடன இசை, ராக், சோல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்ளாத உலகங்கள். ஐன்சிகரும் பெர்க்லிங்கும் கார்டு வரிசை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள், ஆனால் பாடுவதற்கு ஆள் இல்லை. அலோ பிளாக்கிடமோ, பயணம் ஒன்றில் தோன்றிய சில வரிகள் இருந்தன. இருளில், நெஞ்சின் துடிப்பை மட்டும் நம்பித் தடவித் தடவிச் செல்லும் ஒருவன், எல்லாம் முடிந்து தான் முதிர்ந்த பிறகு எழுப்பிவிடும்படி கேட்பதே பாடலின் பொருள். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த ஒரே அமர்வில் கித்தாரும் குரலும் மட்டும் கொண்ட முதல் வடிவம் உருவாகிவிட்டது.

அதன்பிறகு அவீச்சி செய்ததுதான் கவனத்துக்குரியது. கித்தார் மீட்டலை அவர் அழிக்கவில்லை. பாடல் கித்தாரோடு தொடங்குகிறது, குரல் வருகிறது, பல்லவியும் பெரும்பகுதி கித்தாரைச் சார்ந்தே நிற்கிறது. பல்லவி முடிந்ததும்தான் நிமிடத்துக்கு 124 தட்டுகள் என்ற வேகத்தில் ‘ஹவுஸ்’ எனப்படும் சீரான நடனத் தாளம் முழுமையாக இறங்க, சிந்தசைசரில் ஒரு மெட்டு எழுகிறது. நடன இசையில் ‘டிராப்’ எனப்படும் இந்த இடத்தில் அக்காலத்துத் தடங்கள் பலவற்றில் அதிர்வும் இரைச்சலுமே நிரம்பியிருக்கும். அவீச்சியோ அங்கே ஒரு நாட்டுப்புற ஆட்டத்துக்கு ஃபிடில் வாசிப்பது போன்ற மெட்டை வைத்தார். ஆகவே பாடல் ஓரிடத்தில் உடைந்து வேறொன்றாக மாறுவதில்லை. குரல் விட்ட இடத்திலிருந்து கருவி பாடத் தொடங்குகிறது. கேட்பவர் வாய்விட்டுப் பாடக்கூடிய டிராப் அது.

பின்னர் அலோ பிளாக் இதே பாடலைக் கித்தாரோடு தனியாகவும் பதிவு செய்து வெளியிட்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கூட்டாளிகள் ஒவ்வொருவரும் எதைக் கொண்டுவந்தார்கள் என்பது துலக்கமாகத் தெரியும்.

2013 மயாமி நிகழ்ச்சியில் ரசிகர்கள் ஏன் அதிருப்தி அடைந்தார்கள்?

மயாமியில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நடக்கும் அல்ட்ரா இசை விழா, மின்னணு நடன இசையின் மிகப்பெரிய மேடைகளுள் ஒன்று. 2013 மார்ச்சில் அவீச்சி அங்கே தம் புதிய பாடல்களை முதன்முறையாக அரங்கேற்றினார். வழக்கமான நிகழ்ச்சியின் நடுவே ஐன்சிகரும் அவருடைய குழுவினரும் கருவிகளோடு மேடை ஏறினார்கள். அலோ பிளாக், டான் டிமின்ஸ்கி, ஆட்ரா மே ஆகியோர் பாடினார்கள். 70 வயதைக் கடந்திருந்த மூத்த பாடலாசிரியர் மேக் டேவிஸும் வந்திருந்தார்.

கூட்டம் வந்ததோ ஆடுவதற்கு. பேன்ஜோவும் கித்தாரும் ஒலித்தபோது பலர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டியவர்களும் உண்டு. இணையத்தில் கண்டனம் பெருகியது. அவீச்சி அதற்குப் பதில் தந்தபோது, இந்தத் தொகுப்பு பரிசோதனையைப் பற்றியது என்று விளக்கினார்.

அந்த ரசிகர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு வகைமையை நேசிப்பவர்களுக்கு அதன் இலக்கணம் வீட்டுப் பழக்கம் போன்றது. அதை நேசித்த ஒருவரே மாற்றும்போது அதிர்ச்சி இரட்டிப்பாகும். ஆனால் சில மாதங்களில் நிலைமை மாறிவிட்டது. 2013 ஜூனில் ‘வேக் மீ அப்’ தனிப்பாடலாக வெளிவந்து பிரிட்டன் உட்பட 20-க்கும் மேற்பட்ட நாடுகளின் விற்பனைப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நான்காம் இடம் வரை சென்றது. இசைவிழாக்களில் முகம் சுளிக்கவைத்த அதே பாடலை அடுத்த கோடையில் அதே விழாக்கள் பாடிக்கொண்டிருந்தன.

‘ஹே பிரதர்’ பாடிய டான் டிமின்ஸ்கி யார்?

பேன்ஜோ, ஃபிடில், கித்தார் ஆகியவற்றோடு பாடப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸில் பெருமதிப்புக்குரியவர். பாடகி அலிசன் கிராஸின் ‘யூனியன் ஸ்டேஷன்’ குழுவில் பல்லாண்டுகள் கித்தார் வாசித்துப் பாடியவர். 2000-இல் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ திரைப்படத்தில் நடிகர் ஜார்ஜ் குளூனி பாடுவதாக வரும் பழம்பாடலுக்கு உண்மையில் குரல் கொடுத்தவர் இவரே. பின்னணி பாடுதலில் ஊறிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாவிட்டாலும், ஹாலிவுட்டில் அரிதான செய்தி.

அவீச்சியின் அழைப்பு வந்தபோது டிமின்ஸ்கிக்கு அந்தப் பெயரே புதிது. மகளிடம் கேட்டிருக்கிறார். மகளுக்கு இருந்த உற்சாகத்தைப் பார்த்த பின்புதான் ஒப்புக்கொண்டதாகப் பின்னர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ‘ஹே பிரதர்’ பாடலை பெர்க்லிங்கோடு சேர்ந்து எழுதியவர்கள் ஸ்வீடன்காரர்கள்: சாலெம் அல் ஃபகீர், வின்சென்ட் பொன்டாரே, பாடகி வெரோனிகா மஜியோ, அவீச்சியின் மேலாளர் ஆஷ் பூர்னூரி. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியின் சாயல் கொண்ட அந்தப் பாடல் ஸ்வீடனில் எழுதுபவர்களின் கைவண்ணம் என்பதை அறியும்போது வியப்பு வருகிறது. ஆனால் அந்த மெட்டை மண்ணோடு பிணைப்பது டிமின்ஸ்கியின் குரல்தான். சற்றே கரகரப்போடு, இழுத்துப் பாடாமல், உறவினருக்குச் சொல்லும் வாக்குறுதி போல அவர் பாடுகிறார். வேறொருவர் பாடியிருந்தால் அது வெறும் வேடமாக முடிந்திருக்கும்.

மற்ற கூட்டாளிகளுள் குறிப்பிடத்தக்கவர்கள் யார்?

எனக்கு மிக நெருக்கமான பாடல் ‘அடிக்டட் டு யூ’. அதை எழுதியவர்களுள் ஒருவர் மேலே சொன்ன மேக் டேவிஸ். 1960-களின் இறுதியில் எல்விஸ் பிரெஸ்லிக்காக ‘இன் த கெட்டோ’, ‘எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்’ ஆகிய பாடல்களைத் தந்தவர் அவர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அனுபவமுள்ள ஒருவரை, 23 வயது கணினி இசைக் கலைஞர் தேடிப்போய்ப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். பாடியவர் ஆட்ரா மே. அவருடைய குரலில் பழைய சோல் பாடகியரின் கனம் இருக்கிறது. பாடல் இரண்டரை நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. நீட்டி நீட்டி ஆடவைக்கும் வழக்கமுள்ள நடன இசையில், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் அந்த அடக்கம் மேக் டேவிஸ் தலைமுறையிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

அதற்கு நேர்மாறானது ‘டியர் பாய்’. மூ பாடிய அந்தத் தடம் கிட்டத்தட்ட 8 நிமிடம் ஓடுகிறது. பழைய அவீச்சியை விரும்பியவர்களுக்கு இதில்தான் நிறைவு கிடைக்கும்.

‘லே மீ டவுன்’ பாடலில் ஆடம் லாம்பர்ட்டின் குரலோடு, டிஸ்கோ காலத்து ‘ஷீக்’ குழுவை நிறுவிய நைல் ராட்ஜர்ஸின் கித்தார் ஒலிக்கிறது. அவருடைய வலக்கை தாளத்தை எந்த இயந்திரத்தாலும் போலச்செய்ய முடியாது. 2013 நைல் ராட்ஜர்ஸுக்கு அமைந்த ஆண்டு. பிரெஞ்சு மின்னணு இசை இணையரான டாஃப்ட் பங்கின் தொகுப்பிலும் அதே ஆண்டில் அவர் வாசித்திருந்தார். கணினியில் வளர்ந்த கலைஞர்கள், மனிதக் கைகளைத் தேடத் தொடங்கிய காலம் அது.

‘ஹோப் தேர்ஸ் சம்ஒன்’ மட்டும் புதிய பாடலன்று. ‘ஆன்டனி அண்ட் த ஜான்சன்ஸ்’ குழு 2005-இல் வெளியிட்ட பாடலை லின்னேயா ஹென்ரிக்சன் இங்கே மீண்டும் பாடியிருக்கிறார். சாவின் தனிமையைப் பேசும் பாடல் அது. மூலம் அறிந்தவர்களுக்கு இந்த வடிவம் சற்று அவசரப்படுவதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான்.

அப்படியானால் இது ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைத் தொகுப்பா?

இல்லை. நாட்டுப்புறச் சாயல் ‘வேக் மீ அப்’, ‘ஹே பிரதர்’ ஆகிய இரண்டில்தான் அழுத்தமாக இருக்கிறது. மற்றவற்றில் சோல், டிஸ்கோ, ஹவுஸ் ஆகியவை மேலோங்குகின்றன. அந்த இரண்டும் மிகப் பெரிய வெற்றி பெற்றதால் தொகுப்பு முழுவதற்கும் அந்த முத்திரை விழுந்துவிட்டது.

பாடலின் தலைப்பில் பாடகர்களின் பெயர் ஏன் இல்லை?

‘வேக் மீ அப்’ உள்ளிட்ட பாடல்கள் ‘அவீச்சி’ என்ற ஒற்றைப் பெயரிலேயே வெளிவந்தன. பாடியவர், எழுதியவர் பெயர்கள் உள்ளே குறிப்புகளில் இருந்தன, ஆனால் வானொலியில் கேட்டவர்களுக்கோ திரையில் தலைப்பைப் பார்த்தவர்களுக்கோ அவை தெரியவில்லை. உலகம் முழுவதும் பாடப்பட்ட குரல் அலோ பிளாக்குடையது என்பதை அறியாதவர்கள் அந்நாளில் ஏராளம். நடன இசையில் இது நீண்டகாலப் பழக்கம். தயாரிப்பாளரின் பெயரே அடையாளம் என்று வணிகம் கருதுகிறது. அந்தக் காரணம் புரிகிறது, ஆனால் இவ்வளவு நேர்மையாகக் கூட்டாக உருவான ஒரு தொகுப்புக்கு அந்தப் பழக்கம் பொருந்தவில்லை. டிமின்ஸ்கியின் பெயரும் ஆட்ரா மேயின் பெயரும் தலைப்பிலேயே இருந்திருக்க வேண்டும்.

பாடல் இவ்வளவு கேட்கப்பட்டதே, எழுதியவர்களுக்கு நல்ல வருவாய் கிடைத்திருக்குமே?

இதற்கு அலோ பிளாக்கே எண்களோடு பதில் தந்திருக்கிறார். 2014 நவம்பரில் ‘வயர்ட்’ இதழில் எழுதிய கட்டுரையில், பண்டோரா என்னும் அமெரிக்க இணைய வானொலியில் ‘வேக் மீ அப்’ அந்நாட்டில் மட்டும் 16 கோடியே 80 லட்சம் முறைக்கு மேல் ஒலித்தும், பாடலாசிரியர் உரிமைத்தொகையாக வந்தது 12,359 டாலர்தான் என்று குறிப்பிட்டார். அதை மூன்று பாடலாசிரியர்களும் அவர்களுடைய பதிப்பாளர்களும் பகிர்ந்துகொண்டபின் அவருக்குக் கிடைத்தது 4,000 டாலருக்கும் குறைவு.

ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் இருப்பதை அறிந்தால்தான் இந்தக் கணக்கு விளங்கும். எழுதப்பட்ட பாடலுக்கு ஓர் உரிமை, பதிவு செய்யப்பட்ட ஒலிக்கு மற்றோர் உரிமை. இணைய வானொலி இரண்டுக்கும் பணம் தருகிறது என்றாலும், எழுதியவர்களுக்கான பங்கு மிகச் சிறியதாக இருந்தது. ஆஸ்கேப், பிஎம்ஐ ஆகிய அமெரிக்க அமைப்புகள் பாடலாசிரியர்களுக்காக வசூலிக்கும் கட்டணம், 1941-இல் அரசோடு ஏற்பட்ட ஒப்பந்த ஆணைகளின் வழியே நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இணையம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஏற்பாடு அது. கூட்டாக எழுதும் வழக்கம் பெருகப் பெருக, அந்தச் சிறிய பங்கும் மேலும் துண்டாகிறது.

‘ட்ரூ: அவீச்சி பை அவீச்சி’ என்றும் ஒன்று இருக்கிறதே?

அது 2014 மார்ச்சில் வந்த ரீமிக்ஸ் தொகுப்பு. வழக்கமாக ரீமிக்ஸ் வேலையைப் பிறரிடம் கொடுப்பார்கள். இவர் தம் பாடல்களைத் தாமே கலைத்து, ஆடுகளத்துக்கு ஏற்றபடி மீண்டும் கட்டினார். மூலத்தைக் கேட்ட பிறகு கேட்பதே பொருத்தம்.

இந்தக் கூட்டாளிகளோடு அவருடைய உறவு பிறகு தொடர்ந்ததா?

தொடர்ந்தது. அவருக்குப் பின்னரும் தொடர்ந்தது. 2012 முதலே உடல்நலம் குன்றிவந்த அவர், இரண்டாவது தொகுப்பான ‘ஸ்டோரீஸ்’ 2015-இல் வெளிவந்த பின், 2016-இல் மேடை நிகழ்ச்சிகளிலிருந்து முற்றிலும் விலகினார். ஸ்டுடியோ வேலையை விடவில்லை. 2018 ஏப்ரல் 20 அன்று, ஓமன் நாட்டின் மஸ்கட் நகரில், 28 வயதில் மறைந்தார். அப்போது ஒரு புதிய தொகுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. ஏறத்தாழ முடிந்த பாடல்களும், அவை பற்றிய குறிப்புகளும், கூட்டாளிகளுக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும் எஞ்சின. அவற்றைப் பூட்டிவைக்க வேண்டாம் என்று குடும்பத்தினர் முடிவெடுத்தார்கள். அவரோடு வேலை செய்தவர்களே குறிப்புகளைப் பின்பற்றி முடித்துக் கொடுத்த அந்தத் தொகுப்பு ‘டிம்’ என்ற பெயரில் 2019 ஜூன் 6 அன்று வெளிவந்தது. அதன் வருவாய், மனநலத்துக்காகவும் தற்கொலைத் தடுப்புக்காகவும் பெற்றோர் தொடங்கிய டிம் பெர்க்லிங் அறக்கட்டளைக்குச் செல்கிறது.

‘ட்ரூ’வில் இருந்த பெயர்கள் அங்கேயும் வருகின்றன. ‘ஹே பிரதர்’ எழுதிய சாலெம் அல் ஃபகீரும் வின்சென்ட் பொன்டாரேயும் ‘வர்காஸ் அண்ட் லகோலா’ என்னும் இணையராக அதில் பாடியிருக்கிறார்கள். ‘எஸ்ஓஎஸ்’ என்ற பாடலுக்கு அலோ பிளாக்கின் குரல் பொருந்தும் என்று பெர்க்லிங் தம் குறிப்புகளிலேயே எழுதி வைத்திருந்தார். பாடியவரும் அலோ பிளாக்கே.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

‘அடிக்டட் டு யூ’, ‘ஹே பிரதர்’, ‘வேக் மீ அப்’ என்ற வரிசையில் தொடங்கி, பிறகு தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை கேட்கலாம். கடைசித் தடமான ‘ஹார்ட் அப்பான் மை ஸ்லீவ்’ அமெரிக்க ராக் குழுவான ‘இமேஜின் டிராகன்ஸ்’ உடன் சேர்ந்து செய்தது. ‘ட்ரூ’வில் அது பாடல் வரி எதுவுமின்றி வெறும் கருவி இசையாகவே முடிகிறது. ஆறு ஆண்டுகள் கழித்து வந்த ‘டிம்’ தொகுப்பில் அதே இசை, குரலோடும் வரிகளோடும் பத்தாவது பாடலாக இடம்பெற்றிருக்கிறது. முதலில் குரலற்ற வடிவத்தையும், அடுத்து குரலுள்ள வடிவத்தையும் கேளுங்கள்.